செல்வியின் வலது கண்

தேனியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வி.இ.பி. என்கிற பார்வை நரம்பு டெஸ்ட் எடுக்கும் டெக்னீஷியனாக இருந்து ரிட்டயர் ஆனவள் நான். கண்ணுக்கு டெஸ்ட் என்று வருகிறவர்களின் பின்மண்டையில் எலக்ட்ரோடு ஒட்டுவது என் வேலை. "கண்ணு முன்னாடில்ல இருக்கு, பின்னாடி என்னத்த ஒட்டுறீக?" என்று கேட்காத ஆள் கிடையாது. கண் அனுப்புவதை வாங்கிப் பார்க்கிற மூளைப் பகுதி அங்கேதான் இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

சுருளிப்பட்டி செல்வி எதுவும் கேட்கவில்லை. தலையில் எண்ணெய் வழிய உட்கார்ந்திருந்தாள். நான் ஸ்பிரிட் போட்டுத் துடைக்கத் துடைக்க, கூட வந்த மாமியார்தான் பேசினார்.

"வலது கண்ணு மங்குதாம். கண்ணாஸ்பத்திரியில பாத்துட்டு ஒண்ணுமில்லைன்னுட்டாக. திராட்சை வெட்டுக்குப் போகச் சொன்னா மட்டும் மங்கும். பூராம் நடிப்பு. இங்கனயும் ஒண்ணுமில்லைன்னா இவ அப்பன் வீட்டுல கொண்டுபோய் விட்டுருவோம்."

டாக்டர் இரண்டு டெஸ்ட் எழுதியிருந்தார். முதலில் ஃப்ளாஷ், வெறும் வெளிச்சம். இரண்டு கண்ணுக்கும் மூளையின் பதில் ஸ்கிரீனில் அலையாக ஒழுங்காக வந்தது. மாமியார் ஸ்கிரீனை எட்டிப் பார்த்து, "ரெண்டும் ஒண்ணுபோலத்தான இருக்கு?" என்றார்.

எனக்கு எரிச்சல். "பாதி டெஸ்ட்டுல தீர்ப்புச் சொல்லாதீக. உக்காருங்க."

அடுத்தது செக்கர்போர்டு. கறுப்பும் வெள்ளையுமான கட்டங்கள் மாறி மாறி வரும். மொத்த வெளிச்சம் கூடாது, குறையாது. மூளையின் பார்வைப் பகுதியில் இருக்கும் செல்களுக்கு வெறும் வெளிச்சம் பெரிதல்ல. கறுப்பும் வெள்ளையும் சந்திக்கிற ஓரம், அது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, கட்டம் பெரிதா சிறிதா, இதற்குத்தான் அவை பதில் சொல்லும்.

இடது கண்ணுக்கு அலை நேரத்துக்கு வந்தது. வலது கண்ணுக்குத் தாமதம். கட்டத்தைச் சிறிதாக்கினேன், அலை இன்னும் தேய்ந்தது. மறுபடி எடுத்தேன், அதேதான். பார்வையைத் திருப்பி அலையைக் கெடுக்கலாம். ஒவ்வொரு முறையும் ஒரே அளவு பிந்தி வரும்படி நடிக்க முடியாது.

ரிசல்ட் சொல்வது டாக்டர் வேலை, வாயை மூடிக்கொண்டேன். அவர் பார்த்துவிட்டு, "கண் நரம்புல வீக்கம் இருக்கு. உடனே ட்ரீட்மென்ட் ஆரம்பிக்கணும். இந்தப் பொண்ணு சொன்னது நெசந்தான்" என்றார்.

மாமியார் "அப்படியா" என்றதோடு சரி.

செல்வி அழுதுகொண்டே சிரித்தாள். "வீக்கம் இருக்குன்னு எழுதிக் குடுங்க சார். வீட்டுல காட்டணும்."

நோய் இருக்கிறது என்றதும் அப்படிச் சந்தோஷப்பட்ட முகத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அவளை நம்பாதவர்கள் மேல் ஆத்திரமாக வந்தது. இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன்: ஒருத்தி மங்குகிறது என்றால் எலக்ட்ரோடு ஒட்டும் முன்பே நம்பிவிடுங்கள். எங்கே, எவ்வளவு என்பதற்குத்தான் மெஷின்.