டேனியல் இல்லாத வகுப்பு

எங்கள் அடுக்ககம் ராஜகீழ்ப்பாக்கத்தில் இருக்கிறது. கட்டியவர் சுவருக்குச் செலவழிக்க மனமில்லாதவர். பக்கத்து வீட்டில் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று எங்கள் வீட்டில் இருந்தே எண்ணிச் சொல்லிவிடலாம். சிறுசேரி கம்பெனிக்கு வீட்டில் இருந்தபடி வேலை பார்ப்பவன் நான். எனக்கு முக்கியமான மீட்டிங் எல்லாம் சாயங்காலம்தான் வரும். சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் பக்கத்து வீட்டு தீபலட்சுமி மிஸ் பாடம் ஆரம்பிப்பார்.

"டேனியல், அவசரப்படாத. மதியழகா, கைய எறக்கு, அவ சொல்லட்டும். துர்கா, உனக்குத் தெரியும்ல? மெதுவா சொல்லு, பரவால்ல."

டியூஷன் என்று நினைத்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அடுக்ககத்தில் டியூஷன் எடுக்கக் கூடாது என்று சங்கத்தில் ஒரு விதி உண்டு. விதிகள் நமக்குத் தேவைப்படும்போது மட்டும் ஞாபகம் வருமே, அப்படி வந்தது. கீழே போய் வாட்ச்மேன் குப்புராஜிடம், எத்தனை பிள்ளைகள் வருகிறார்கள் என்று விசாரித்தேன்.

"டியூசனா? இன்னா சார் நீ! டீச்சர் வூட்டுக்கு ஒரு புள்ள கூட வர்ல. நான் இங்கதான குந்திகினு கீறேன்" என்றார்.

மேலே வந்து மணி அடித்தேன். ஐம்பதைத் தாண்டிய மிஸ், கையில் மார்க்கரோடு கதவைத் திறந்தார். கூடத்தில் ஒரு நாற்காலி மேல் வெள்ளைப் பலகை சாய்ந்திருந்தது. எதிரே யாரும் இல்லை. டிவி கூட ஓடவில்லை. சண்டைக்கு வந்தவன், "யார்கூட மிஸ் பேசிட்டு இருந்தீங்க?" என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன்.

"நாளைக்கு சிக்ஸ்த் பி-க்கு பின்னம் கூட்டல் சார். ப்ரிப்பேர் பண்றேன். ரொம்ப சத்தமா இருக்கா?"

கூச்சத்தோடு விளக்கினார். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால் டேனியல் மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டி, ஐந்தில் இரண்டு என்று வகுப்பே அதிரக் கத்துவானாம். மற்றவர்கள் சிரித்தால் அதோடு ஒரு வாரம் வாயைத் திறக்க மாட்டானாம். துர்காவுக்கு விடை தெரியும், ஆனால் சொல்ல மாட்டாள். ஆக, டேனியல் கத்திய பிறகு யாரும் சிரிப்பதற்குள் என்ன சொல்ல வேண்டும் என்பதைத்தான் மிஸ் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். அவன் பதில் சொல்ல இடைவெளி விட்டு, அவன் தப்பையும் தானே சொல்லி, அதற்கு மறுமொழியும் சொல்லிப் பார்ப்பார். பாடம் தயார் செய்வது என்றால் அவருக்கு இதுதான். எனக்கு இது கொஞ்சம் கிறுக்காகத்தான் பட்டது. ஆனால் மீட்டிங்கில் நாங்கள் பேசுவதைவிட இது உருப்படியான பேச்சு என்றும் பட்டது. பேசாமல் திரும்பி வந்து வெளிச் சத்தம் கேட்காத நல்ல ஹெட்போன் ஒன்று வாங்கிக்கொண்டேன்.

மிஸ் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா போன பிறகு அந்த வீட்டில் அவர் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் என் மனைவி எதையாவது கொடுக்கப் போனால் விடமாட்டார். ஆறாம் வகுப்புக் கதையாகச் சொல்லித் தீர்ப்பார். அந்தப் பிள்ளைகளுக்கு மிஸ் ஒரு பாடவேளை. மிஸ்ஸுக்கு அந்தப் பிள்ளைகள் ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் துணை. எனக்கு அதை நினைத்தால் பாவமாக இருக்கும்.

போன கோடை விடுமுறையில் மாடம்பாக்கத்தில் உள்ள அவர் பள்ளியில் ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி வைத்தார்கள். ஏழு கிளைகள் உள்ள பள்ளி அது. நாவலூர் தலைமை அலுவலகத்தில் இருந்து இயக்குநர் ஜெயகிருஷ்ணன் வந்திருந்தார். பாடம் திட்டமிடும்போது எது ரொம்ப முக்கியம் என்று ஒவ்வொருவராகக் கேட்டாராம். அறிவியல் எடுக்கும் லாசரஸ் சார், நேரம்தான் முக்கியம், மணி அடிப்பதற்குள் முடிக்காவிட்டால் எந்தத் திட்டமும் வீண் என்றார். இன்னொருவர் செய்முறை என்றார். தேர்வில் எது வரும் என்பதுதான் என்று ஒருவர் உண்மையைச் சொல்ல, எல்லாரும் சிரித்திருக்கிறார்கள்.

நம் மிஸ் எழுந்து, "யார் எங்க தப்பு பண்ணுவாங்கன்னு மொதல்ல யோசிக்கணும் சார். மத்ததெல்லாம் அதுக்கப்புறம்" என்றிருக்கிறார்.

இயக்குநர் கை தட்டினார். அதோடு விட்டிருக்கலாம். அடுத்த மாதமே மிஸ்ஸை நாவலூர் அலுவலகத்துக்கு மாற்றிவிட்டார். ஏழு கிளைக்கும் ஆறாம் வகுப்புக் கணக்குப் பாடத்திட்டத்தை அவரே எழுதி அனுப்ப வேண்டும். குளுகுளு அறை, பதவி, மேஜையில் பெயர்ப் பலகை எல்லாம் உண்டு. வகுப்பு மட்டும் கிடையாது. நன்றாகப் பாடம் எடுக்கிறவரைப் பார்த்ததும் முதல் வேலையாக அவரைப் பிள்ளைகளிடம் இருந்து பிரிப்பதற்கு ஒரு தனி அறிவு வேண்டும்.

மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாக நாவலூருக்கு வேனில் போய்விட்டு இருட்டும் நேரத்தில் திரும்புவார். வந்து விளக்கைப் போடுவார். அதற்குப் பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் கேட்காது. நான் ஆசைப்பட்ட அமைதிதான். என் மனைவியோ, "அவங்க சாப்பிட்டாங்களான்னே தெரியல" என்று புலம்ப ஆரம்பித்தாள்.

ஒரு சனிக்கிழமை தன் லேப்டாப்பில் ஏதோ திறக்கவில்லை என்று என்னைக் கூப்பிட்டார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவருடைய போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"மேடம், படப்பை பிராஞ்ச்லேர்ந்து அருண்ராஜ் பேசறேன். சிக்ஸ்த் மேக்ஸ். உங்க பிளான்ல ஒரு டவுட்."

மிஸ் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "கேளுங்க தம்பி, கேளுங்க."

"'டேனியல் ஐந்தில் இரண்டு என்பான், யாரையும் சிரிக்க விடக் கூடாது'ன்னு போட்டிருக்கு. எங்க கிளாஸ்ல டேனியல்னு யாரும் இல்லையே மேடம். வேற யாரையாவது சொல்ல வைக்கணுமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மிஸ்ஸைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"தப்பு என்னுதுதான் தம்பி. பழக்கத்துல எழுதிட்டேன். உங்க கிளாஸ்ல அப்படி அவசரப்பட்டுச் சொல்ற பையன் யாரு?"



"தெரியலையே மேடம். முன்னாடின்னா முந்தின நாளே உக்காந்து அதையெல்லாம் யோசிப்பேன். இப்பதான் நீங்களே யோசிச்சு அனுப்பிடறீங்களே. ரொம்ப ஈஸியா இருக்கு மேடம்."

அந்தப் பையன் நன்றி சொல்வதாக நினைத்துத்தான் அதைச் சொன்னான். மிஸ் சரி என்று போனை வைத்துவிட்டு, சமையலறைக்குள் போய் வெகுநேரம் வரவில்லை.

திங்கட்கிழமை இயக்குநரிடம் போய், எந்தக் கிளையானாலும் பரவாயில்லை, எந்த வகுப்பானாலும் பரவாயில்லை, ஒரு வகுப்பு கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். "கிளாஸ்ல இருந்தா நாப்பது பசங்களுக்குத்தான் நீங்க யூஸ் மேடம். இங்க இருந்தா ஆயிரம் பேருக்கு யூஸ்" என்றாராம் அவர்.

"அந்த ஆயிரத்துல ஒருத்தரைக்கூட எனக்குத் தெரியாதே சார்."

"அதனாலதான் பேரே வேண்டாம்கறேன். 'சில மாணவர்கள்'னு போட்டுடுங்க."

அன்று சாயங்காலம் லேப்டாப்போடு எங்கள் வீட்டுக்கு வந்தார். எழுதி வைத்த திட்டங்களில் எல்லாம் பெயர்களை மாற்ற வேண்டும் என்றார். தேடி மாற்றுவதற்கு ஒரு வசதி உண்டு, ஒரு தட்டுத் தட்டினால் போதும் என்று காட்டினேன். டேனியல் என்று தட்டெழுதிவிட்டு, விரலை எடுத்துக்கொண்டார்.

"நீங்களே அழுத்துங்க சார்."

அழுத்தினேன். டேனியல், பிறகு துர்கா, மதியழகன் என்று ஒவ்வொருவராகச் 'சில மாணவர்கள்' ஆனார்கள். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது.

அடுத்த வார இறுதியில் மிஸ் மறுபடி மணி அடித்தார். இந்த முறை கையில் போன் மட்டும் இருந்தது.

"புது பிளான் எல்லாருக்கும் போயிடுச்சு சார். ஏழு பிராஞ்ச்ல யாருக்காவது ஒரு டவுட்டாவது வரணும்ல? ஒரு கால்கூட வரல. இதுல ஏதாவது கோளாறான்னு பாக்கறீங்களா?"

வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தேன். என் போனில் இருந்து கூப்பிட்டேன். அவர் கையிலேயே அடித்தது. போனில் ஒரு கோளாறும் இல்லை.