பூ பார்டர் போட்ட பயோடேட்டா

அல்லிநகரத்தில் நான் டி.டி.பி. சென்டர் நடத்திய காலம். கல்யாணப் பத்திரிகை அடிப்பதில் எனக்குப் பேர் உண்டு. அந்தத் திமிரில், ராயப்பன்பட்டி ஜெசிந்தா வேலைக்கு அனுப்பக் கேட்ட பயோடேட்டாவையும் பூ பார்டர் போட்டு டிசைன் செய்து, வேர்டு ஃபைலில் படமாக ஒட்டிக் கொடுத்துவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து வந்தாள். "நாலு கம்பெனிக்கு அனுப்பிட்டேண்ணே, ஒருத்தரும் கூப்பிடல. அஞ்சாவதுக்கு இன்னைக்கு அஞ்சு மணிதான் கடைசி."

அந்தக் கம்பெனியின் இணையப் பக்கத்தில் ஒரு குறிப்பு இருந்தது. பயோடேட்டாவை முதலில் கம்ப்யூட்டர்தான் படிக்குமாம், எழுத்தை மட்டும்தான் எடுத்துக்கொள்ளுமாம். நான் ஒட்டிக் கொடுத்ததோ படம். பழைய ஃபைலில் இருந்ததையெல்லாம் காப்பி செய்து எழுத்தை மட்டும் ஏற்கும் நோட்பேடில் ஒட்டிப் பார்த்தேன். வெறும் வெள்ளை. அவள் பெயர்கூட வரவில்லை.

மணி மூன்று நாற்பது. நாலு மணிக்குக் கரண்ட் போனால் ஆறுக்குத்தான் வரும். எல்லாவற்றையும் வெறும் எழுத்தாக அடித்தேன்.

"பூவெல்லாம் எங்கண்ணே?"

"இந்தக் கம்பெனிக்காரக வேணாம்னு சொல்லிருக்காகம்மா."

அனுப்பி முடித்த மறுநிமிடம் கரண்ட் போனது.

வேலை கிடைத்து, லட்டோடு வந்தாள். "ஒங்க கைராசிதாண்ணே" என்றாள்.

நாலு கம்பெனிக் கதவை அடைத்ததும் இதே கைதான். அந்தக் கையையே நீட்டி லட்டை வாங்கிக்கொண்டேன்.