பிஸ்கால் காத்திருந்த திருவிழா

என் சித்தப்பாவை வீட்டில் பிடிக்க முடியாது என்பது எனக்கு ஏழு வயதிலேயே தெரியும். கோர்ட்டிலிருந்து அழைப்பாணை கொண்டுவரும் பிஸ்கால் வாவிக்கு இந்தப் பக்கம் மோட்டார் சைக்கிளை நிறுத்தினால், சித்தப்பா அந்தப் பக்கம் படுவான்கரை வட்டையில் நெல்லுக்கு நடுவே நிற்பார். ஒருமுறை நேருக்கு நேர் அகப்பட்டும், "அவர் வட்டைக்குப் போயிட்டார், நான் அவர்ர மச்சான், மறுகா வாங்க" என்று சொல்லி, பிஸ்காலுக்கு இளநீரும் வெட்டிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அவரைக் கட்டிய சின்னம்மா, என் அம்மாவின் தங்கை, சிரிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கட்டியவர் வந்து இருப்பார். சித்தப்பா வந்தார், நாலு வருடம் இருந்தார், ஒருநாள் கோபித்துக்கொண்டு தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். திரும்பி வரவுமில்லை, விவாகரத்துக்குச் சம்மதிக்கவுமில்லை. "சாகுமட்டும் அவ என்ர பொஞ்சாதிதான்" என்று சந்தியில் சொல்லித் திரிந்தார். சின்னம்மாவோடு படிப்பிக்கும் வாத்தியார் ஒருவர் அவரைக் கட்டிக்கொள்ளக் காத்திருந்தார். சின்னம்மா போட்ட விவாகரத்து வழக்கின் அழைப்பாணையைக் கதவில் ஒட்டலாம், ஆனால் சித்தப்பா பிறகு வந்து "எனக்குத் தெரியாது" என்று எல்லாவற்றையும் கவிழ்த்துவிடுவார், கையில் கொடுப்பதே நல்லது என்று லோயர் சொல்லிவிட்டார். இரண்டு வருடமாகத் தவணைக்குத் தவணை பஸ் ஏறிப் போய், சின்னம்மா சும்மா திரும்பி வந்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருக்கும்.

சித்தப்பா தவறவிடாத நாள் ஒன்று இருந்தது, தன் குடியின் கோயில் திருவிழா. எங்கள் கோயிலில் ஒவ்வொரு குடிக்கும் ஒரு திருவிழா. பூசை முடிந்ததும் வெற்றிலை, பழம், தேங்காய் வைத்த காளாஞ்சித் தட்டை அந்தக் குடிக்கு மரியாதையாகக் கொடுப்பார்கள். தாய்வழியில் வருவது குடி. ஆகவே அவர் குடிக்குத் தலைவரான வண்ணக்கர் அவருடைய சொந்தத் தாய்மாமன்தான்.

அந்த வருடம் வண்ணக்கர் ஒலிபெருக்கியில் சித்தப்பாவின் முழுப்பெயரையும், இன்னாரின் மகன் என்று சேர்த்து, இரண்டு தரம் கூப்பிட்டார். சித்தப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. சால்வையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு போய் வாங்கினார். இரண்டு கையிலும் தட்டை ஏந்தி வாசலைத் தாண்டி வந்தபோது, மரத்தடியில் பிஸ்கால் நின்றார். கோயிலுக்குள் வைத்துக் கொடுக்கக் கூடாதாம்.

"இப்பக் கூப்பிட்டது உங்கட பேர்தானே, தம்பி?"

ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றது. சித்தப்பாவால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. காளாஞ்சியை நிலத்தில் வைக்கவும் கூடாது, அதோடு ஓடவும் கூடாது. பிஸ்கால் கடிதத்தை வெற்றிலைக்குப் பக்கத்தில் பக்குவமாக வைத்துவிட்டுப் போனார். சின்னம்மா என் கையைப் பிடித்திருந்த பிடியில் என் வளையல் ஒன்று உடைந்தது. அவர் கவனிக்கவேயில்லை.

அடுத்த வருடம் தீர்ப்பு வந்தது. வாத்தியார் எனக்குப் புதுச் சித்தப்பா ஆனார். வீட்டில் இப்போது இரண்டு பிள்ளைகளின் கூச்சல்.

பிஸ்காலுக்கு அன்றைக்கு நல்ல நேரம் என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். பிறகு எத்தனையோ திருவிழாக்கள் பார்த்துவிட்டேன். காளாஞ்சிக்குக் குடியின் பெயரைத்தான் சொல்வார்கள், வண்ணக்கரே போய் வாங்குவார். ஆளின் பெயரைச் சொல்லி யாரையும் கூப்பிட நான் கேட்டதில்லை. தன் குடிக்கு வரப்போகும் வெட்கத்தைத் தெரிந்துகொண்டே, அந்த மனிதர் தன் மருமகனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். அதுவும் இரண்டு தரம்.