தன் வாடகையைத் தானே ஏற்றிய பெயிண்டர்

என் கணவருக்கு, அவரோடு வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் ப்ரைமர். எந்தச் சுவராக இருந்தாலும் தேய்த்து, பட்டி பார்த்து, ப்ரைமர் அடித்த பிறகுதான் மனுஷன் நிறத்தைத் தொடுவார். என்னை முதல்முதலாகப் பார்த்த அன்றுகூட என் முகத்தைவிட எனக்குப் பின்னால் இருந்த சுவரைத்தான் அதிகம் பார்த்தார். அதில் ஈரம் ஏறியிருந்ததாம்.

நிறங்கள் மேல் அவருக்கு மரியாதையே கிடையாது. ஷேடு கார்டில் வெள்ளையில் மட்டும் நாற்பது வகை இருக்கிறது. 'காலைப் பனி', 'அன்னத்தின் மௌனம்' என்றெல்லாம் பெயர். "எல்லாம் ஒரே வெள்ளைதான். கூட வாங்குற காசு பேருக்கு" என்பார். கறுப்புப் பணத்தை வெள்ளையாக்கும் வேலைக்கு மட்டும் யாரும் தன்னைக் கூப்பிடுவதில்லை என்று அவருக்கு ஒரு குறை. ஒருநாள் ஆசையாக, உங்களுக்குப் பிடித்த நிறம் எது என்று கேட்டேன். "அட்வான்ஸ்" என்றார்.

நாங்கள் குடியிருந்தது மூன்று மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், இரண்டு அறைகள். ஜன்னலோரம் என் தையல் மெஷின். என் வாடிக்கைக்காரர்கள் அத்தனை பேரும் அந்தத் தெரு. நாலு வருஷத்துக்கு ஒருமுறை வீட்டுக்காரம்மா கட்டடத்துக்குப் பெயிண்ட் அடிப்பார். அடிப்பது இவர்தான், நம்ம ஆளு என்று கூலியிலும் ஒரு பிடித்தம். பெயிண்ட் காய்வதற்குள் அந்தம்மா வந்து நிற்பார். "கட்டடம் புதுசு மாதிரி ஆயிடுச்சு தம்பி. இனிமே பழைய வாடகை கட்டுப்படியாகாது."

கல்லூரியில் பொருளாதாரம் படிக்கும் என் மகள் ஒருநாள் சொன்னாள்: "சொத்துலேருந்து வர்ற வருமானம் வேகமா வளருதா, மொத்தப் பொருளாதாரம் வேகமா வளருதான்னு பெரிய பெரிய ஆளுங்க சண்டை போடறாங்கம்மா."

"இதுல சண்டை என்ன?" என்றார் இவர். "நாம வந்தப்ப வாடகை எட்டு நாள் கூலி. இப்ப பதினாலு நாள். நான் ஏணில ஏறறேன், அவங்க உக்காந்தபடியே ஏறறாங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏத்தி விட்டதே நீங்கதானே? பளபளன்னு அடிச்சு நம்ம தலையில நாமே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டோம். இன்னொரு தடவை ஏத்தினா இந்தத் தெருவையே விட்டுப் போகணும். என் தொழில் போயிடும். தெரியுதா?"

தெரிந்தது. அடுத்த முறை வீட்டுக்காரம்மா, செலவில்லாமல், இவர் மற்ற இடங்களில் அடித்து மிச்சமான டப்பாக்களை வைத்தே முடிக்கச் சொன்னபோது, இவர் கண்ணில் ஒரு திருட்டுச் சிரிப்பு. ஆஸ்பத்திரிப் பச்சை, பள்ளிக்கூட மஞ்சள், யாரோ வேண்டாமென்று தள்ளிய ஊதா எல்லாவற்றையும் ஒரே டிரம்மில் கொட்டிக் கலக்கினார். வந்தது ஒரு நிறம். அதற்குப் பெயர் வைக்க ஷேடு கார்டுக்காரனுக்கே துணிச்சல் வராது.

கட்டடத்தைப் பார்த்த தபால்காரர் சைக்கிளை விட்டு இறங்கிவிட்டார். காலியாயிருந்த மாடி வீட்டைப் பார்க்க வந்தவர்கள் வாசலோடு திரும்பினார்கள். வீட்டுக்காரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார், வாடகையை ஏற்றவில்லை. ஐந்து மாதம் எனக்குச் சொர்க்கம்.

ஆனால் பாவி மனுஷன் ஒரு தப்புச் செய்திருந்தார். நிறம்தான் கேவலம், வேலை சுத்தம். பட்டி, ப்ரைமர், இரண்டு கோட், மூலைக்கு மூலை நூல் பிடித்த மாதிரி ஓரம். மோசமாக அடிக்க அவர் கைக்கு வரவில்லை. விளம்பரப் படம் எடுக்கும் கும்பலொன்று வந்து சுவரைத் தடவிப் பார்த்து, இந்த மாதிரி நிறம் எங்கேயும் கிடையாது என்று குதித்தது. ஒருநாள் படம் பிடிக்க அந்தம்மாவுக்குக் கொடுத்த பணம், எங்கள் மூன்று மாத வாடகை. அப்புறம் வாரத்துக்கு ஒரு கும்பல். மாடி வீட்டுக்குப் போட்டி. அந்தம்மா எங்கள் வாசலுக்கு வந்தார்.

"தம்பி கை ராசியான கை" என்றார். வாடகை இருபது நாள் கூலி ஆனது.

அந்தக் கலவை தனக்கு மட்டுமே தெரியும், வாடகையைக் குறைக்காவிட்டால் இனி அடித்துத் தரமாட்டேன் என்று இவர் முறுக்கிக்கொண்டு பார்த்தார். அந்தம்மா சுவரில் ஒரு சில்லைப் பெயர்த்துப் பெயிண்ட் கடைக்குக் கொடுத்தனுப்பினார். கடை மெஷின் மூன்றே நிமிஷத்தில் அதே நிறத்தைக் கலந்து கொடுத்துவிட்டது.

காலி செய்தோம். புது வீடு பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரம். வாடகை பத்து நாள் கூலி. காரணம், சுவரெல்லாம் பொரிந்து உதிரும். அந்தப் பொரிந்த சுவர்தான் எங்களைக் காப்பாற்றப்போகிறது என்று நம்பினேன். மகள் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினேன், பிரஷ்ஷைத் தொடக் கூடாது என்று. பத்து நாள் சும்மா இருந்தார். சாப்பிடும்போது மட்டும் ஒரு கை சுவரைத் தடவிக்கொண்டே இருக்கும்.

பதினோராம் நாள், பழைய தெருவில் இரண்டு பேருக்குத் தைத்ததைக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். வாசல் சுவர் முழுக்கத் தேய்த்துப் பட்டி பார்த்திருந்தது. மனுஷன் ஏணி மேல் நின்றார்.

"சத்தியம் பண்ணினீங்களே!" என்று கத்தினேன். அழுகையே வந்துவிட்டது.

"கலர் அடிக்கலம்மா" என்றார், திரும்பிப் பார்க்காமலே. "ப்ரைமர் மட்டும்தான்."

ஏணியைப் பிடித்தபடி புது வீட்டுக்காரர் நின்றிருந்தார். அண்ணாந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.