சீர் என்று நான் சொன்ன கோல்

பந்து நேராக அவரிடம்தான் வந்தது. முப்பது கஜ தூரத்திலிருந்து அடித்த பந்து. நெஞ்சு உயரம், வேகம் உண்டு, வளைவு கிடையாது. எங்கள் கோல்கீப்பர் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிப் பிடித்தார். பிடித்த பந்து வலது கையோரமாக வழுக்கி, தோளில் பட்டு, பின்னால் விழுந்து, கோட்டைத் தாண்டி உருண்டு, வலை வரை போகக்கூடத் தெம்பில்லாமல் நின்றது. வற்றிய கண்மாயின் உள்வாயில் இரண்டு ஊர் ஜனமும் திரண்டிருந்தது. அக்கரை கத்தியது.

எங்கள் ஊருக்கும் பக்கத்து ஊருக்கும் நடுவே இருப்பது அந்தக் கண்மாய். அவர்களை நாங்கள் அக்கரை என்போம். அவர்களும் எங்களை அப்படித்தான் சொல்வார்கள். வைகாசியில் தண்ணீர் வற்றியதும் கருவேல முள்ளை வெட்டி ஒதுக்கி, சுண்ணாம்புக் கோடு போட்டு, வருடத்துக்கு ஒரே ஓர் ஆட்டம். கோப்பை கிடையாது, பரிசு கிடையாது. ஜெயித்த ஊர்க்காரன் அடுத்த வைகாசி வரை கரைமேல் நெஞ்சை நிமிர்த்தி நடப்பான். தோற்றவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓரமாகப் போவான். இரண்டு ஊருக்கும் பெண் கொடுப்பதும் எடுப்பதும் தலைமுறையாக நடப்பதால், மைதானத்தில் நிற்கும் இருபத்திரண்டு பேரில் பாதிப் பேர் ஒருவருக்கொருவர் மாமன், மச்சான். அன்று அந்தப் பந்தை அடித்தவர் எங்கள் கீப்பருடைய சொந்தத் தங்கையின் கணவர்.

நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எங்கள் அணியின் தலைவர் என்ற பெயரும் அப்போது எனக்கு இருந்தது. யாரை இறக்குவது, யாரை உட்கார வைப்பது என்பதை நான்தான் சொல்வேன். இனி எழுதப்போவது நான் செய்த தவறு. நாலு வருடமாக அதை வேறொருவர் சுமந்துகொண்டிருக்கிறார்.

கீப்பர் ஜெகதாப்பட்டினத்தில் ஓர் ஐஸ் கம்பெனியில் வேலை பார்ப்பவர். ஐஸ் பாளங்களைக் கொக்கியால் இழுத்து அரவை மெஷினுக்குத் தள்ளும் வேலை. பனைமரம் மாதிரி உயரம். அதிகம் பேசமாட்டார். ஆட்டத்தன்று காலையில் பைக்கை என் வீட்டு கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே வராமல் அங்கேயே நின்றார். வலது கட்டைவிரல் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது.

“முந்தாநாள் பாளம் நழுவி விழுந்துருச்சு சார். வெரலு மடங்க மாட்டேங்குது. வேற ஆளப் போட்டுக்கங்க” என்றார்.

வேறு ஆள் இருந்தார். இரண்டாவது கீப்பராக, உயரம் குறைவானாலும் இரண்டு கையும் நன்றாக இருக்கிற ஆள். ஆனால் நாங்கள் தொடர்ந்து மூன்று வருடம் தோற்றிருந்தோம். என் தலைமையில் மூன்று தோல்வி. அதைத்தான் நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த விரலை அல்ல.

“நீ நின்னாலே அவனுகளுக்குப் பயம்ப்பா. துணியச் சுத்தி கிளவுஸ மாட்டிக்க. யார்கிட்டயும் மூச்சு விடாத. அக்கரைக்காரனுக்குத் தெரிஞ்சா அந்தக் கையப் பாத்தே அடிப்பான்.”

அவர் விரலைப் பார்த்தார். “சரிங்க சார். நீங்க சொல்றீங்கன்னுதான் எறங்குறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒன்றுக்குப் பூஜ்யம். ஆட்டம் முடிந்து எங்கள் ஊர் மொத்தமும் கரையோரத்து டீக்கடையில் வந்து விழுந்தது. தோற்ற நாளில்தான் அந்தக் கடையில் கூட்டம் அதிகம். ஜெயித்தால் வெடி வெடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம். தோற்றால் யாரால் தோற்றோம் என்று தெரியாமல் ஒருவனும் நகரமாட்டான். அன்று எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. யார் மீது என்று தெரியாத கோபம் அல்ல அது. யார் மீது வரவேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் அதைச் சீக்கிரமாக வேறு யார் மீதாவது இறக்கி வைக்க வேண்டியிருந்தது.

மெக்கானிக் ஆரம்பித்தார். “லெப்ட் பேக்கு ஏறிப் போனவன் எறங்கவே இல்லையேப்பா. அங்கிட்டு என்ன, பொண்ணு பாக்கவா போனான்?”

“நடுவுல ஆளே இல்ல. நாலு ஆடு மேஞ்சிருந்தாக்கூட பந்தத் தடுத்திருக்கும்” என்றார் ரேஷன் கடையில் எடை போடுகிறவர்.

டீக்கடைக்காரர் பாய்லர் பக்கத்திலிருந்தே கத்தினார். “லெப்டையும் நடுவையும் விடுங்கப்பா. கைக்கு வந்த பந்து! எங்க ஆத்தா நின்னிருந்தாக்கூட புடிச்சிருக்கும், அதுக்குக் கண்ணே தெரியாது.”

அந்தச் சிரிப்பின் நடுவில்தான் கீப்பர் வந்தார். வராமல் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் தோற்றபின் கடைக்கு வராதவனைக் கோழை என்று சொல்லும் ஊர் இது. இடது கையால் கிளாஸை வாங்கிக்கொண்டு தூணோரம் நின்றார். யாரையும் பார்க்காமல், “கையில முன்னாடியே அடிபட்டுருந்துச்சு” என்றார்.

“எது, பந்து பட்டு இப்ப வீங்குனதா?” என்றார் மெக்கானிக். “தோத்தப்பறம் எல்லாருக்குந்தான் கையும் வலிக்கும், காலும் வலிக்கும்.”

கீப்பர் என்னைப் பார்த்தார். ‘ஆமாம், காலையிலேயே காட்டினார், இறங்கச் சொன்னது நான்தான்’ என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு வாய் டீ குடிக்கும் நேரம். நான் டீயைக் குடித்தேன்.

ரேஷன் கடைக்காரர் விடவில்லை. “அட, அடிச்சது யாரு? மச்சான்ல. புடிச்சா தங்கச்சி கோவிச்சுக்காதா?”

அதற்குப் பிறகு வந்த பேச்சை ஊரில் யாரோ சொன்னதாகத்தான் இப்போது எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சொன்னது நான். கீப்பரின் தங்கை மகளுக்கு வரும் புதன்கிழமை காதுகுத்து. பத்திரிகை எனக்கும் வந்திருந்தது. தாய்மாமன் தட்டுகளில் சீர் கொண்டுபோய் வைத்து, குழந்தையைத் தன் மடியில் உட்காரவைத்து மொட்டை போட்டு, காது குத்த வேண்டும். அந்த மடி வேறு எவனுக்கும் உரியதல்ல. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

“புதங்கெழமை காதுகுத்து வருதுல்லப்பா. தாய்மாமன் சீரை மூணு நாளைக்கு முன்னாடியே எறக்கி வச்சுட்டாரு.”

கடை அதிர்ந்தது. மெக்கானிக் என் முதுகில் தட்டினார். தலைமையாசிரியர் வாயிலிருந்து வந்த பேச்சாயிற்றே. கீப்பர் பாதி டீயோடு கிளாஸைப் பெஞ்சில் வைத்துவிட்டுப் போனார். இரவுக்குள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்துவிட்டது. வாழைப்பழம், தேங்காய், பட்டுப்பாவாடை அடுக்கிய சீர்த்தட்டு. அதன் நடுவில் ஒரு கால்பந்து. நானும் அதற்குக் கீழே ஒரு சிரிக்கும் முகத்தைப் போட்டேன்.

மறுநாள் காலை தங்கையின் கணவர் அக்கரையிலிருந்து பைக்கில் வந்து எங்கள் டீக்கடை முன்னால் இறங்கினார். முகம் சிவந்திருந்தது. அந்தப் படம் கரையைத் தாண்டிப் போயிருந்தது.

“வெறும் வெயில்ல ரெண்டு மாசம் பழகி அடிச்ச கோலுங்க அது. எங்க ஊருலயே இப்ப அவனவன் கேக்குறான், மச்சான் போட்ட பிச்சையாடான்னு. அவரு வந்து ரெண்டு ஊருக்கு முன்னால சொல்லட்டும், விட்டுக்குடுக்கலைன்னு. அப்பறம் சீரத் தூக்கட்டும்.” பிறகு பெஞ்சில் இருந்த என் பக்கம் திரும்பினார். “சார், நீங்க படிச்சவங்க, பெரிய மனுசரு. நீங்க சொல்லுங்க. அது நான் அடிச்சதா, அவரு குடுத்ததா?”

இதைவிட நேராக ஒரு கேள்வியை என் வாழ்நாளில் யாரும் என்னிடம் கேட்டதில்லை. “ஆட்டத்த ஆட்டமா எடுத்துக்கப்பா” என்றேன். முப்பது வருடம் பிள்ளைகளை எழுப்பி நிறுத்தி, உண்மையைச் சொல் என்று அதட்டிய வாய் அது.

புதன்கிழமை அக்கரையில் அவர்கள் குலதெய்வக் கோயிலுக்குப் போனேன். பந்தலில் முன்வரிசை நாற்காலியில் என்னை உட்காரவைத்தார்கள். கீப்பர் லோடு ஆட்டோவில் தன் அம்மாவையும் தட்டுகளையும் கொண்டுவந்து இறக்கினார். பதினோரு தட்டு. மேளம் முன்னால் போக, ஒரு தட்டோடு அவரும், மற்ற தட்டுகளை ஏந்திய பெண்களும் பின்னால் வந்தார்கள். பந்தல் கால் பக்கம் நின்ற அக்கரை ஆட்களில் ஒருவன் விசிலடித்தான். இன்னொருவன் எங்கிருந்தோ ஒரு பந்தை எடுத்து வந்து, கீப்பரின் அம்மா ஏந்தியிருந்த தட்டில், பூவின்மேல் வைத்தான்.

“மாமா, இது ஒண்ணு கொறையுது பாருங்க.”

பந்து உருண்டு கீழே விழுந்தது, தேங்காயும் விழுந்தது. கீப்பரின் மச்சான் ஓடிவந்து அவனை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் அடிக்கவில்லை. கீப்பரைப் பார்த்து, “இப்பவாச்சும் சொல்லுங்க” என்று மட்டும் சொன்னார். எதைச் சொல்வது? கை சரியில்லை என்று ஒருமுறை சொல்லி, ஊரார் சிரித்ததைப் பார்த்தவர். கீப்பர் தன் தட்டைக் கோயில் வாசலில் வைத்தார். திரும்பி நடந்தார். கண்மாய்க்குள் இறங்கி, நாங்கள் விளையாடிய கோட்டின் மேலேயே நடந்து போவது பந்தலிலிருந்து தெரிந்தது.

தங்கை தன் மகளைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றார். ஆசாரி நல்ல நேரம் முடியப்போகிறது என்றார். கடைசியில் தங்கையின் சித்தப்பா மகன் ஒருவர் மடியில் குழந்தையை உட்காரவைத்தார்கள். பழகாத மடி. குழந்தை ஊசி எடுக்கும் முன்பே வீறிட்டது. “ஏம்புள்ளைக்கு மாமன் இல்லேன்னு ஆக்கிட்டானே” என்று தங்கை எல்லார் முன்னாலும் கத்தினார். முன்வரிசையில் இருந்த நான் எழுந்திருக்கவில்லை. பந்தியிலும் உட்கார்ந்து சாப்பிட்டேன். அன்று முதல் அண்ணனும் தங்கையும் பேசுவதில்லை. கீப்பர் அதன்பின் பந்தைத் தொடவில்லை; வீட்டையும் ஜெகதாப்பட்டினத்துக்கே மாற்றிக்கொண்டார்.

இந்த வருட ஆட்டம் போன மாதம் நடந்தது. இரண்டு பக்கமும் தலா ஒன்று. ஆட்டம் முடிந்து அதே கடை, அதே கத்தல். எங்கள் பின்கள ஆட்டக்காரர் ஒருவர் அக்கரையில் பெண் எடுத்தவர். அக்கரைக்குப் பெனால்ட்டி கிடைத்து அந்த ஒரு கோல் விழுந்தது அவர் செய்த தவறால்தான். யாரோ சொன்னான்: “மாமனாருக்குச் சீர் எறக்கிட்டான்டா.” எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று அங்கிருந்த யாருக்கும் நினைவில்லை. பிறந்ததிலிருந்தே ஊரில் இருக்கிற பேச்சு மாதிரி பேசினார்கள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கிளாஸைப் பெஞ்சில் அடித்து வைத்தேன். எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன்: நாலு வருடம் முன்பு ஆட்டத்தன்று காலையில் கீப்பர் என் கேட்டுக்கு வெளியே நின்றதை, விரலை, நான் சொன்ன வார்த்தைகளை. “அதுக்கென்ன சார் இப்ப?” என்றார் மெக்கானிக். “நாலு வருசத்துக் கதை. அவரு அங்கிட்டு நல்லாத்தானே இருக்காரு. பெனால்ட்டியப் பத்திப் பேசுங்க.”

பேச்சு பெனால்ட்டிக்குப் போய்விட்டது. கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார்கள், அது பெனால்ட்டியே இல்லை என்று. ஒருவன் மீது ஏற்றிய பழி பொய் என்று தெரிந்ததற்கு அவர்களுக்குக் கோபம் வரவில்லை. ஏன் வரும்? இவர்களுக்குச் சிரிக்கக் கற்றுக்கொடுத்தவன் நான்.

மறுநாள் பஸ் ஏறி ஜெகதாப்பட்டினம் போனேன். கீப்பர் அரவை மெஷினை நிறுத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். அந்தக் கட்டைவிரல் இன்றும் முழுதாக மடங்குவதில்லை.

“கடையில சொல்லிட்டீங்களாம்ல. போன்ல சொன்னாங்க” என்றார்.

“தப்பு என்னோடதுப்பா.”

“அது எனக்குத் தெரியாததா சார்?” குரலை உயர்த்தவில்லை. “சீர்னு சொன்னதுக்குக்கூட எனக்குக் கோவம் இல்ல. தோத்த எரிச்சல்ல வந்திருக்கும்னு விட்டுட்டேன். திங்கக்கெழம சொல்லிருவீங்கன்னு பாத்தேன். செவ்வாக்கெழமயும் பாத்தேன். கோயிலுக்கு வந்து பாத்தா மொத வரிசையில ஒக்காந்திருக்கீங்க. சரி, சார் இருக்காரு, எந்திரிச்சுச் சொல்லிருவாருன்னு நெனச்சுத்தான் சார் தட்டத் தூக்கிட்டு உள்ள வந்தேன்.”

நான் என்ன பேசினேன் என்று எழுதப்போவதில்லை. எழுதத்தக்கதாக எதுவும் இல்லை. மன்னித்தேன் என்றோ மாட்டேன் என்றோ அவர் சொல்லவில்லை. லோடு காத்திருக்கிறது என்று உள்ளே போனார்.

அங்கிருந்து அக்கரைக்குப் போனேன். தங்கை வாசலில் நின்றே முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டுத் திட்ட ஆரம்பித்தார். “நாலு வருசமா எங்கண்ணனத் திட்டிக்கிட்டிருந்தேனேய்யா. நாலு தீவாளி, நாலு பொங்கலு. திட்ட வேண்டிய ஆளு நீயா?” இத்தனை வயதில் என்னை ஒருமையில் பேசிய முதல் ஆள் அவர். தெரு கூடிவிட்டது. மூச்சு வாங்கும்வரை திட்டினார். நான் நின்றேன்.

தங்கை அண்ணனிடம் பேசினாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கும் உரிமை எனக்கு இல்லை. அவர் இன்னும் திட்டி முடிக்கவில்லை. நேற்றுகூட போனில் அழைத்தார். எடுத்தேன். வைக்கச் சொல்லாமல், வைக்காமல், கடைசி வரை கேட்டேன்.