மூன்றாவது படகு

ஏரியில் எல்லா இடத்திலும் இறால் கிடைக்காது. கிடைக்கிற இடங்களை ஊர் முறைவைத்துப் பிரித்துக் கொடுக்கும். இன்றைக்கு இந்த வீட்டுக்கு, நாளைக்கு அந்த வீட்டுக்கு. அதற்குப் பாடு என்று பெயர். ஊர் கூப்பிட்டு ஒரு வீட்டு ஆண்பிள்ளை வரவில்லையென்றால் அந்த வீட்டுக்கு அடுத்த பாடு கிடையாது. இவ்வளவு தெரிந்தால் போதும், என் தம்பியை நான் எப்படி ஆயுள் தண்டனைக்கு அனுப்பினேன் என்று புரிந்துவிடும்.

அன்று பக்கத்து ஊர்க்காரர்கள் எங்கள் இடத்தில் வலை கட்டிவிட்டார்கள். போய்க் கேட்பதற்கு வீட்டுக்கு ஓர் ஆள் படகில் ஏற வேண்டும் என்று ஊர் சொல்லிவிட்டது. தம்பிக்கு முந்தின நாள் கெளுத்தி முள் குத்தி, கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிக் கிடந்தது. புருஷன் செத்தபிறகு நான் அவன் வீட்டோடு வந்துவிட்டவள். அவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ஆண்பிள்ளை என்று வீட்டில் அவன் ஒருத்தன்தான்.

"கால் இப்டி கீது, போவ முடிலன்னு சொல்லுக்கா. ஒரு பாடு போனா போவட்டும்," என்றான்.

"குந்திக்கினு துன்றவனுக்குப் பேச்சு வேறயா," என்றேன். இந்த வாயில் கொள்ளியைத்தான் வைக்க வேண்டும்.

நான் கரைக்குப் போனபோது படகுகள் கிளம்பிவிட்டிருந்தன. நோட்டில் பேர் எழுதுகிறவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். "பெரியப்பா, தம்பி மூணாவது படகுல ஏறிட்டான். பேரப் போட்டுக்கோ," என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு எழுதிக்கொண்டார். எனக்கு ஒரே சந்தோஷம். வீட்டுக்கு வந்து அவன் காலுக்கு மஞ்சள் பற்றுப் போட்டேன்.

ஏரிக்குள் ஒருவன் கழியால் அடித்ததில் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் செத்துப்போனார். அடித்தவன் யாரென்று ஊருக்குத் தெரியும். ஊர் வாயைத் திறக்கவில்லை. அந்தக் கலவரத்தில் தம்பி படகில் இல்லாததை யாரும் கவனிக்கவும் இல்லை. ஒரு வாரத்தில் தம்பிக்கு வீக்கம் வற்றியது, எங்கள் பாடும் வந்தது, அவனே போய் வலை போட்டான். நல்ல இறால். மறுநாள் போலீஸ் வந்து நோட்டை எடுத்துக்கொண்டு போனது. அதில் பேர் இருந்த அத்தனை பேரும் கொலைகாரர்கள். கூட்டமாகப் போனால் ஒருவன் அடித்தது எல்லாரும் அடித்ததாம். சட்டம் அப்படியாம்.

கோர்ட்டில் நான் கூண்டேறி, அவன் வீட்டில் கிடந்தான், நான்தான் பொய் சொல்லி எழுதவைத்தேன் என்றேன்.

"வராத வீட்டுக்குப் பாடு இல்லைன்னு உங்க ஊர்க் கட்டுப்பாடு. உங்க தம்பி அடுத்த வாரம் வலை போட்டாரா, இல்லையா?" என்று அரசு வக்கீல் கேட்டார்.

"போட்டான். ஊர ஏமாத்தித்தான் வாங்கினேன்."

"ஊரையே ஏமாத்தினவங்க கோர்ட்டை ஏமாத்த மாட்டீங்களா?" என்று சிரித்தார். எல்லாருக்கும் ஆயுள்.

நான் சொன்னதைக் கோர்ட்டு நம்பவில்லை, ஊர் நம்பிவிட்டது. ஏமாற்றிய குற்றத்துக்காக எங்கள் வீட்டுப் பாட்டை ஒரேயடியாக எடுத்துவிட்டார்கள்.

இப்போது உள்ளே இருப்பவர்களின் அம்மாக்களும் பெண்டாட்டிகளுமாகப் படங்களைப் பிடித்துக்கொண்டு பொன்னேரி தாலுகா ஆபீஸ் வாசலில் உட்காருகிறோம். "கூட இருந்தது கொலையா?" என்பது எங்கள் கோஷம். முதல் நாள் நான் மட்டும், "என் தம்பி கூடவும் இல்ல," என்று கத்தினேன். பக்கத்திலிருந்த அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"போவாதவன் யோக்கியன்னா, போன எம் புள்ள இன்னா, கொலகாரனா? எங்களோட கத்துறதுன்னா கத்து. இல்லன்னா எழுந்து போ."

அவள் மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனால் எழுந்து எங்கே போவது? அவர்களோடு சேர்ந்து கத்தினேன்.

மேல்கோர்ட்டுக்குப் போக எல்லாருக்கும் ஒரே வக்கீல்தான் கிடைத்தார். படகில் போனோம், ஆனால் அடிக்கவில்லை என்று எல்லாரும் ஒரே பேச்சாகச் சொல்ல வேண்டும், ஒருத்தர் மாற்றிச் சொன்னால் மற்றவர் பேச்சும் எடுபடாது, அதனால் தம்பியிடம் சம்மதம் வாங்கி வா என்றார்.

போன வாரம் ஜெயிலில் கம்பிக்கு இந்தப்புறம் நின்று அதைச் சொன்னேன். திட்டுவான் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவன் கம்பிக்குப் பக்கத்தில் வந்தான்.

"சரிக்கா, போனேன்னே சொல்லிடறேன். எந்தப் படகுன்னு எழுதவச்ச?"

"மூணாவது."

"அதுல நா முன்னால குந்தினு இருந்தேனா, பின்னாலயா?"

அடித்தவன் அந்தப் படகில்தான் முன்னால் உட்கார்ந்திருந்தான்.

"பின்னால," என்றேன்.