எனக் கூறப்படுகிறது

‘பாலம் இடிந்து விழுந்தது’ என்ற வரியில் ‘இடிந்து’ எதற்கு என்று மேசையை விரலால் தட்டிக்கொண்டே யோசிக்கிறார். பிறகு அழிக்கிறார். “விழுந்ததுன்னா போதும். இடிஞ்சுதுன்னு போட்டா யாரோ குறை வச்சுக் கட்டின மாதிரி ஆயிடும் பாருங்க.” பக்கத்து இருக்கைக்காரன் என்பதால் இந்த ஞானமெல்லாம் எனக்கு இலவசம்.

எங்கள் காப்பீட்டு அலுவலகத்தில் இழப்பீட்டு மனுக்களைத் தள்ளுபடி செய்வது அவருக்குத் தொழில். ஓய்வு நேரத்தில், ஊரே கூடி எழுதும் ஓர் இணையக் கலைக்களஞ்சியத்துக்கு நிர்வாகி. சம்பளமில்லாத பதவி, ஆனால் பக்கங்களைப் பூட்டலாம், ஆட்களை வெளியே தள்ளலாம். நாங்கள் வைத்த பெயர் நடுநிலையார். அதைப் பட்டமென்றே நினைத்துப் பூரித்துப்போகிறார்.

அலுவலகத்தில் இருவர் அடித்துக்கொண்டால் இருவரையும் கண்டிப்பார். அடி வாங்கியவனைக் கொஞ்சம் கூடுதலாக. அவன்தானே சத்தம் போட்டான்!

அந்தப் பாலம் விழுந்ததில் ஒரு பேருந்தே ஆற்றுக்குள் போயிற்று. ஒப்பந்ததாரர் மேயரின் மருமகன் என்று விசாரணைக் குழுவே சொன்னது, பத்திரிகைகளிலும் வந்தது. அதை ஆதாரத்தோடு மேயரைப் பற்றிய பக்கத்தில் சேர்த்தவன் நடுநிலையாரின் மைத்துனன், பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவன். ஒளிந்துகொள்ளத் தெரியாத பிள்ளை; சொந்தப் பெயரிலேயே எழுதினான். மேயரின் ஆட்கள் அழித்தார்கள். அவன் மறுபடி சேர்த்தான். நடுநிலையார் தலையிட்டு, ‘விபத்துக்குப் பல காரணங்கள் இருப்பதாகக் கூறப்படுகிறது’ என்று மாற்றிப் பக்கத்தைப் பூட்டினார்.

அடுத்த வாரம், பதவியில் இருப்பவரை இழிவுபடுத்தினால் உள்ளே தள்ள எங்கள் ஊரில் ஒரு சட்டம் இருக்கிறதே, அதில் மைத்துனனைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

நடுநிலையாரின் மனைவி, அதாவது அந்தப் பிள்ளையின் அக்கா, பல் மருத்துவமனையில் தாதி. வாயைத் திறக்கச் சொல்லியே பழகியவர். நேராக அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

“என்னங்க, வக்கீல் ஒரே ஒரு கடுதாசிதான் கேக்கறார். இவன் எழுதினது உங்க விதிப்படி சரிதான், ஆதாரம் இருந்துதுன்னு நிர்வாகியா நீங்க சொன்னா ஜாமீன் கிடைச்சிடும்.”

“அவன் என் மச்சினன்மா. நான் சொன்னா பாரபட்சம்னு ஆயிடாதா?”

“அவன் எழுதினது உண்மையா, பொய்யா? அதைச் சொல்லுங்க.”

“உண்மைங்கறது இருக்கட்டும். மேயர் தரப்புன்னு ஒண்ணு இருக்கில்ல?”

“நடுவுல நிக்கறேன் நிக்கறேன்னு கடைசியில அவங்க வீட்டு வாசல்ல போய் நிக்கறீங்க” என்றார் அந்த அம்மாள். எங்கள் பிரிவே தலைகுனிந்து கோப்புகளைப் பார்த்தது. நடுநிலையார் மட்டும் குனியவில்லை. மனைவி போனதும் கணினிப் பக்கம் திரும்பினார். அந்தக் கைதைப் பற்றி யாரோ புதிதாக எழுதியிருந்த பக்கத்துக்கு, ‘பொது முக்கியத்துவம் இல்லை, நீக்கலாம்’ என்று குறிப்பெழுதினார்.

கடிதத்தைக் கடைசியில் கொடுத்தது, அதே கலைக்களஞ்சியத்தில் எழுதும், எங்களில் யாரும் முகம் பார்த்திராத ஒரு பெண். தட்டச்சு வேலை செய்பவராம். தன் பெயர், முகவரி எல்லாம் எழுதிக் கையெழுத்திட்டிருந்தார். அடுத்து அவரையும் தேடி வரலாம் என்பது அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

ஜாமீனில் விட்ட அன்று நடுநிலையாருக்குத் துணையாக நானும் போனேன். சிறை வாசலில் அக்கா தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதார். மெலிந்திருந்த அந்தப் பிள்ளை, அக்காவின் தோளுக்கு மேலாகப் பார்த்து, “அத்தான்! நீங்களும் வந்துட்டீங்களா!” என்று நிஜமான சந்தோஷத்தோடு கை நீட்டினான்.

பத்திரிகைப் புகைப்படக்காரர் ஒருவர் கேமராவை உயர்த்தினார்.

நடுநிலையார், பொட்டு மேகமில்லாத வானத்தின் கீழே குடையை விரித்து, முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.